ஜப்பானியரின் கையும் தலையும் என்ன சொல்கின்றன?

“அடுத்த மாதம் இரண்டு ஆண்டு வேலையாக ஜப்பான் போகிறேன். மொழியை ஓரளவு படித்திருக்கிறேன். ஆனால் குனிந்து வணங்குவார்கள் என்பதைத் தவிர அவர்களுடைய சைகைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. எதையெல்லாம் தெரிந்துகொண்டு போக வேண்டும்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

குனிவதை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது பத்து நாளில் தானாக வந்துவிடும். தவறாகக் குனிந்தாலும் வெளிநாட்டுக்காரர்தானே என்று விட்டுவிடுவார்கள். ஒசாகாவில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் எச்சரிப்பது வேறொன்றைப் பற்றி: உங்கள் தலை.

நாம் “சரி” என்பதற்குத் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து ஆட்டுகிறோம். ஆட்டுகிறோம் என்பதே நமக்குத் தெரியாது. ஜப்பானிலோ தலை ஒரு பக்கம் சாய்ந்தால் சந்தேகம் என்று பொருள். ‘குபி ஓ காஷிகெரு’, அதாவது கழுத்தைச் சாய்ப்பது என்ற தொடரே அவர்கள் மொழியில் ஐயப்படுவதைக் குறிக்கும். நாம் ‘ஆகட்டும்’ என்று ஆட்டும் ஆட்டத்தில் பாதியை அவர்கள் ‘ஆகாது போலிருக்கிறதே’ என்பதற்கு வைத்திருக்கிறார்கள்.

இது எனக்குப் பாடமான கதையைச் சொல்கிறேன். முதல் ஆண்டு, ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்தில் கூட்டம். வேலையை மார்ச் மாதத்துக்குள் முடிப்பதாக நான் ஓர் அட்டவணையைக் காட்டினேன். எதிரே உட்கார்ந்திருந்த துறைத் தலைவர் தாளைப் பார்த்தார். தலையை மெல்ல வலப்பக்கம் சாய்த்தார். பற்களுக்கிடையே “ஸ்ஸ்ஸ்” என்று காற்றை உள்ளே இழுத்தார். “அப்படியா... மார்ச் என்றால், கொஞ்சம்...” என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். நான் மகிழ்ச்சியாக நம் ஊர் பாணியில் தலையை ஆட்டினேன். அவரும் பார்த்தார். அன்று மாலையே சென்னைக்கு ‘அட்டவணை ஒப்புக்கொள்ளப்பட்டது’ என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன்.

இரண்டு வாரம் எந்தப் பதிலும் இல்லை. பிறகு எங்கள் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் என்னைத் தேநீருக்கு அழைத்துச் சென்று விளக்கினார். அந்தக் கூட்டத்தில் அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஒருமுறை அல்ல, மூன்று முறை: தலையால் ஒன்று, பல்லால் ஒன்று, முடிக்காமல் விட்ட வாக்கியத்தால் ஒன்று. “நீ அதற்குத் தலையை ஆட்டியதைப் பார்த்து, உனக்கும் அந்த அட்டவணையில் நம்பிக்கை இல்லை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்” என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

எனவே அந்தக் காற்றிழுப்பைக் காதில் வாங்கப் பழகுங்கள். நமக்குக் காரமான ஊறுகாயைத் தொட்டுக்கொண்டதுபோல் கேட்கும். அங்கே அது ‘கஷ்டம்’ என்பதன் ஒலி. அதையடுத்து ‘சொத்தோ...’ என்று இழுத்துவிட்டு நிறுத்தினால் பதில் முடிந்துவிட்டது. சொத்தோ என்றால் ‘கொஞ்சம்’. கொஞ்சம் என்ன என்று கேட்கக் கூடாது. நம் அலுவலகங்களில் “பார்க்கலாம்” என்று சொல்லிக் கோப்பை மூடுவார்களே, அதே பொருள்தான். ‘இல்லை’ என்பதற்கு ‘ஈயே’ என்ற சொல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒருவர் முகத்துக்கு நேரே அதைச் சொல்வது அரிது.

இதன் மறுபக்கம் ‘ஹாய்’. ‘ஆம்’ என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நீங்கள் பேசும்போது எதிரே இருப்பவர் இரண்டு நொடிக்கு ஒருமுறை தலையை மேலும் கீழும் அசைத்து “ஹாய், ஹாய்” என்பார். உங்கள் கருத்தை ஏற்றுக்கொண்டார் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். பாட்டி கதை சொல்லும்போது நாம் ‘உம்’ கொட்டுவோம் அல்லவா, அதுதான் இது. கொட்டாவிட்டால் பாட்டி கதையை நிறுத்திவிட்டு “தூங்கிவிட்டாயா?” என்று கேட்பாள். அங்கேயும் அப்படித்தான்: நீங்கள் சிலைபோலக் கேட்டுக்கொண்டிருந்தால், பேசுபவர் தயங்கித் தயங்கி நின்றுவிடுவார். இந்த உம் கொட்டலுக்கு ‘ஐசுச்சி’ என்று பெயர். கொல்லன் பட்டறையில் மூத்தவர் ஓர் அடி அடிக்க, எதிரே நிற்பவர் மறு அடி அடிப்பார். அந்த மாற்றுச் சுத்தியலின் பெயர்தான் பேச்சுக்கும் வந்தது. தொலைபேசியிலும் இதை விடாதீர்கள். மறுமுனையில் அமைதி என்றால் இணைப்பு போய்விட்டது என்று நினைத்து “மோஷி மோஷி?” என்பார்கள்.

கூட்டங்களில் இன்னொரு காட்சி புதியவர்களைத் திடுக்கிட வைக்கும். மேலதிகாரி கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு கண்களை மூடிவிடுவார். கோபமும் இல்லை, தூக்கமும் இல்லை (பெரும்பாலும் இல்லை). யோசிக்கிறார். கண்ணுக்குள் கண் வைத்துப் பேச வேண்டும் என்று நேர்முகப் பயிற்சிகளில் சொல்லிக்கொடுத்ததையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அவ்வப்போது பார்வையைக் கழுத்தருகே, டையின் முடிச்சருகே இறக்கிக்கொள்வதுதான் அங்கே இதமானது. நம்மில் பெரியவர்கள் முன் பார்வையைத் தாழ்த்திப் பழகியவர்களுக்கு இது சிரமமே இல்லை.

வெளிப்படையான மறுப்புச் சைகைகளும் உண்டு. அவை கடைத்தெருவில் உதவும். முகத்துக்கு முன்னால், மூக்கருகே, உள்ளங்கையை நெட்டுக்குத்தாக நிறுத்தி விசிறிபோல விறுவிறுவென்று ஆட்டினால் ‘இல்லை, இல்லை’. துர்நாற்றம் என்று சொல்வதாக நினைத்து என் மனைவி முதல் வாரம் காய்கறிக் கடையில் தன் புடவையை முகர்ந்து பார்த்தாள். கடைக்காரர் சொன்னது கொத்தமல்லி இல்லை என்பதை. ஒருவர் உங்கள் ஜப்பானிய மொழியைப் புகழ்ந்தாலும் இதே விசிறிதான் பதில். “நன்றி” என்று ஏற்றுக்கொள்வதைவிட இது அடக்கமாகப்படும். முன்னங்கைகள் இரண்டையும் பெருக்கல் குறியாக வைத்தால் ‘பாத்சு’: கூடாது, மூடிவிட்டோம், தவறு. கைகளைத் தலைக்கு மேலே வளைத்து வட்டமாக்கினால் ‘மாரு’: சரி. அவர்களுடைய பள்ளி விடைத்தாளில் சரியான விடைக்கு ஆசிரியர் வட்டம்தான் போடுவார். நம் வழக்கப்படி வட்டமிட்டதைப் பிழை என்று நினைத்துப் பிள்ளையைத் திட்டிவிடாதீர்கள்.

இனி வணக்கம். நிறுவனங்களின் பயிற்சிக் கையேடுகளில் கோணமே போட்டிருப்பார்கள்: நடைவழியில் எதிர்ப்பட்டால் 15 பாகை, ‘எஷாகு’, வாடிக்கையாளரை வரவேற்க 30 பாகை, ‘கெய்ரெய்’, ஆழ்ந்த நன்றிக்கும் மன்னிப்புக்கும் 45 பாகை, ‘சைகெய்ரெய்’. இடுப்பில் மடிய வேண்டும், கழுத்தில் அல்ல. ஆண்கள் கைகளைத் தொடையோரம் வைத்துக்கொள்வார்கள், பெண்கள் முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக. தொலைபேசியில் பேசிக்கொண்டே சுவரைப் பார்த்துக் குனிபவர்களைத் தினமும் பார்ப்பீர்கள். சிரிப்பு வரும். ஆறு மாதத்தில் நீங்களும் குனிவீர்கள். கை குலுக்கும்போது சேர்த்துக் குனியாதீர்கள். இரண்டில் ஒன்று போதும். 2009 நவம்பரில் ஒபாமா பேரரசர் அகிஹிதோவின் கையைப் பிடித்துக்கொண்டே இடுப்பு மடியக் குனிந்தார். அதிபர் ஒருவர் இப்படித் தலைவணங்கலாமா என்று அமெரிக்காவில் பெரிய சர்ச்சையே ஆயிற்று.

நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நாம் கைகூப்பினால் வணக்கம். அங்கே கைகூப்புவது முகமன் அல்ல. கோயிலிலும் கல்லறையிலும் கூப்புவார்கள். சாப்பாட்டுக்கு முன் ‘இதாதாகிமாசு’ என்றும் பின் ‘கோச்சிசோசாமா’ என்றும் சொல்லிக் கூப்புவார்கள். நண்பனிடம் “தயவு செய்து இதை முடித்துக் கொடு” என்றோ “மன்னித்துவிடு” என்றோ கெஞ்சும்போது கூப்புவார்கள். காலையில் மேலாளரைப் பார்த்துக் கைகூப்பினால் ‘இவன் என்ன தப்பு செய்துவிட்டான்’ என்று அவர் யோசிக்கக்கூடும். ஜப்பானின் பழைய சமயமான ஷின்தோவின் கோயிலில் முறை வேறு: இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிய வேண்டும். இசுமோ பெருங்கோயில் போன்ற சில இடங்களில் நான்கு தட்டு.

மண்டியிட்டு நெற்றி தரையில் படும்படி விழுவது ‘தோகெசா’. நமக்கு அது நமஸ்காரம். அவர்களுக்கு அது அவமானத்தின் கடைசிப் படி. 2013இல் சப்போரோவில் துணிக்கடை ஊழியர்களைத் தோகெசா செய்ய வைத்துப் படமெடுத்து இணையத்தில் போட்ட ஒரு வாடிக்கையாளர் கைது செய்யப்பட்டார். பெரியவர்கள் காலில் விழும் நம் வழக்கத்தைச் சக ஊழியர்களிடம் விளக்க நான் பட்ட பாடு தனிக்கதை. ஆசி வாங்கத்தான் விழுகிறோம், குற்றம் செய்ததால் அல்ல என்று எத்தனை முறை சொன்னாலும் தலையைச் சாய்த்தார்கள்.

ஒரு சைகை மட்டும் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. ஒருவரை அழைக்க ஜப்பானியர் உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து விரல்களை மடக்கி மடக்கி நீட்டுவார்கள். ஐரோப்பியர் பலருக்கு அது ‘போ, போ’ என்று விரட்டுவதுபோல் தெரியும். நாமும் அப்படித்தானே அழைக்கிறோம்? கடை வாசல்களில் ஒரு பாதத்தைத் தூக்கியபடி உட்கார்ந்திருக்கும் ‘மனெகி நெகோ’ பூனை பொம்மை செய்வதும் அதையேதான். கையாட்டி விடைகொடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது வாடிக்கையாளரை உள்ளே கூப்பிடுகிறது. டோக்கியோ செதகாயா பகுதியில் உள்ள கோதோகுஜி கோயிலில் இந்தப் பூனைகள் நூற்றுக்கணக்கில் வரிசை கட்டி உட்கார்ந்திருக்கும். மழையில் மரத்தடியில் ஒதுங்கிய பிரபு ஒருவரைக் கோயில் பூனை கையசைத்து உள்ளே அழைத்ததாம். அவர் நகர்ந்த இடத்தில் இடி விழுந்ததாம். நேரம் இருந்தால் போய்ப் பாருங்கள்.

‘நானா?’ என்று கேட்க நாம் நெஞ்சைத் தொடுவோம். அவர்கள் சுட்டுவிரலால் மூக்கைக் காட்டுவார்கள். எண்ணும் முறையும் வேறு. நாம் விரல் கோடுகளில் கட்டைவிரலை ஓட்டி எண்ணுவோம். அவர்கள் விரித்த கையில் தொடங்கிக் கட்டைவிரலை மடக்கினால் ஒன்று, சுட்டுவிரலையும் மடக்கினால் இரண்டு, சுண்டுவிரலும் மடங்கினால் ஐந்து. அங்கிருந்து சுண்டுவிரலைத் திறந்தால் ஆறு. ஆகவே ஒருவர் தமக்குள் எண்ணிக்கொண்டிருக்கும்போது நீட்டிய மூன்று விரலைப் பார்த்து மூன்று என்று முடிவு கட்டாதீர்கள். அது இரண்டாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். உங்களுக்குக் காட்டுவதற்காக நீட்டினால் மட்டும் நம்மைப் போலத்தான்.

விரல்களில் கதை அதிகம் உள்ளது சுண்டுவிரலுக்கு. அதைத் தனியாக நிமிர்த்தினால் காதலி, அல்லது வைத்துக்கொண்டிருக்கும் பெண். 1980களில் புகைப்பழக்கத்தை விட உதவும் ஒரு குழலுக்கு வந்த தொலைக்காட்சி விளம்பரம் இதை வைத்தே நாடெங்கும் சிரிக்க வைத்தது. ஓர் ஆள் அந்தக் குழலைக் காட்டி “இதனால் சிகரெட்டை விட்டேன்” என்பார்; கடைசியில் வருபவர் சுண்டுவிரலைக் காட்டி “இதனால் வேலையை விட்டேன்” என்பார். இப்போதெல்லாம் வயதானவர்கள்தான் இதைக் காட்டுவார்கள், அதுவும் ரசக்குறைவு. நீங்கள் காட்ட வேண்டாம். அதே சுண்டுவிரலைக் குழந்தைகள் கோத்துக்கொண்டால் சத்தியம்: ‘யுபிகிரி’. பொய் சொன்னால் ஆயிரம் ஊசி விழுங்க வைப்பேன் என்று பாடிக்கொண்டே கோப்பார்கள். யுபிகிரி என்ற சொல்லின் நேர்ப்பொருள் விரலை வெட்டுவது. எடோ ஆட்சிக்காலத்துக் (1603–1868) கணிகையர் காதலனுக்குத் தம் உண்மையைக் காட்ட விரலை வெட்டிக் கொடுத்தார்கள் என்ற வழக்கிலிருந்து வந்தது என்பார்கள். யாகுசா எனப்படும் குற்றக் கும்பல்களில் தவறு செய்தவன் தன் சுண்டுவிரல் கணுவை வெட்டித் தலைவனிடம் கொடுப்பது வேறு சடங்கு. நம் பிள்ளைகள் ‘பழம்’ விடுவதைப் போன்ற ஒரு விளையாட்டுக்குப் பின்னால் இவ்வளவு ரத்தம்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘கோமாசுரி’. இடது உள்ளங்கையைக் கிண்ணம்போல வைத்து, வலது கை முஷ்டியை அதன்மேல் அரைப்பதுபோலச் சுற்றுவார்கள். கோமா என்றால் எள், சுரி என்றால் அரைப்பது. முதலாளிக்கு ஜால்ரா போடுகிறவனைக் குறிக்கும் சைகை. ஏன் எள்? அவர்களுடைய அரைக்கும் கிண்ணத்தின் உட்புறம் வரி வரியாக இருக்கும். எள்ளை அரைத்தால் அது எல்லாப் பக்கமும் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொள்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடையாது. நம் காக்கா பிடிக்கிறவனுக்குச் சொல் இருக்கிறதே தவிர, இவ்வளவு அழகான கைச்சைகை இல்லையே என்று பொறாமையாக இருந்தது. மேலாளர் போன பிறகு, மேசைக்கு அடியில் மறைவாகச் சுற்றுவார்கள். பார்த்தால் சிரித்துக்கொள்ளுங்கள், முதல் ஆறு மாதம் நீங்கள் சுற்ற வேண்டாம்.

இதே குடும்பத்தில், மூக்கின்மேல் கை முஷ்டியை வைத்து நீட்டினால் கர்வம் பிடித்தவன். நீண்ட மூக்குடைய ‘தெங்கு’ என்ற மலைப்பேயின் மூக்கு அது. நெற்றியின் இருபுறமும் சுட்டுவிரல்களைக் கொம்பாக வைத்தால் கோபம், பெரும்பாலும் வீட்டில் காத்திருக்கும் மனைவியின் கோபம். மரபுவழி மணப்பெண் தலையில் அணியும் வெள்ளைத் துணிக்கே ‘த்சுனோகாகுஷி’, கொம்பு மறைப்பான், என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கழுத்தில் கையை வெட்டுவதுபோல் வைத்தால் வேலை போயிற்று. கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வட்டம் பணம், சில நேரம் ‘சரி’. கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். அதே விரல்களால் சிறு கிண்ணம் பிடித்து வாயருகே சாய்த்தால் ‘இன்று மாலை ஒரு வாய்?’ என்ற அழைப்பு. கன்னத்தில் விரலால் கோடு இழுப்பது யாகுசாவைக் குறிக்கும். பொது இடத்தில் அதைத் தொடவே தொடாதீர்கள்.

நீங்கள் உடனே கற்றுக்கொண்டு பயன்படுத்த வேண்டிய சைகை ஒன்று உண்டு: ‘தெகதானா’, கைக்கத்தி. நெரிசலான ரயிலில், அமர்ந்திருப்பவர்களுக்கு முன்னால் கடந்து போகும்போது, வலது கையைக் கத்திபோல நிறுத்தி, சற்றே குனிந்து, காற்றை வகிர்ந்துகொண்டு போவார்கள். ‘மன்னிக்கவும், வழி விடுங்கள்’ என்று பொருள். சுமோ வீரர் வெற்றிப் பரிசு உறையை வாங்கும் முன் மூன்று முறை காற்றை வெட்டுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். படைப்பின் மூன்று தெய்வங்களுக்கு நன்றி என்பார்கள். அந்தக் கைதான் ரயிலில் நமக்கும்.

ரயிலைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. ஓட்டுநர் வெள்ளைக் கையுறையோடு சிக்னலை விரலால் சுட்டிக்காட்டி உரக்கச் சொல்வார். நடைமேடை ஊழியர் கதவுகளைச் சுட்டிச் சொல்வார். யாரும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. பைத்தியமோ என்று தோன்றும். சுட்டிச் சொல்லும் இந்த முறை கவனம் தவறாமலிருக்க. ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994இல் செய்த சோதனையில், எதுவும் செய்யாதபோது 100 செயலுக்கு 2.38 ஆக இருந்த பிழை, சுட்டி உரக்கச் சொன்னபோது 0.38 ஆகக் குறைந்தது. வீட்டைப் பூட்டிவிட்டேனா என்று மாடிப்படியில் பாதி வழி திரும்பும் பழக்கம் எனக்கு இருந்தது. இப்போது பூட்டைச் சுட்டி “பூட்டு சரி!” என்று சொல்லிவிட்டு இறங்குகிறேன். சென்னையில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருமாதிரியாகப் பார்க்கிறார்.

படம் எடுக்கும்போது இரண்டு விரல் காட்டுவதற்குப் பொருள் தேடாதீர்கள். 1972 சப்போரோ குளிர்கால ஒலிம்பிக்கில் வழுக்கி விழுந்தும் சிரித்துக்கொண்டே எழுந்து வெண்கலம் வென்ற அமெரிக்க வீராங்கனை ஜேனட் லின்னிடமிருந்து பரவியது என்பார் உண்டு. அக்காலக் கேமரா விளம்பரம் ஒன்றுதான் காரணம் என்பாரும் உண்டு.

தொடுவதில் மட்டும் கவனம். சக ஊழியரின் தோளில் கை போட்டுக்கொண்டு நடப்பது, பேசும்போது கையைப் பிடித்துக்கொள்வது எல்லாம் வேண்டாம். இடக்கை தீட்டு என்பது அங்கே இல்லை. ஆனால் முகவரி அட்டையை இரு கையாலும் கொடுத்து இரு கையாலும் வாங்கி, ஒரு நொடி படித்துவிட்டு மேசைமேல் வையுங்கள். பின்பாக்கெட்டில் செருகாதீர்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்ததும் வரவேற்பு விருந்து வைப்பார்கள். முடிவில் ஒருவர் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்வார். அது ‘தெஜிமெ’, கைதட்டி நிறைவு செய்வது. மூன்று, மூன்று, மூன்று, ஒன்று என்று தட்டும் முறை உண்டு. மூன்று மூன்றுகள் ஒன்பது. ஒன்பதைக் குறிக்கும் ‘கான்ஜி’ (சீனத்திலிருந்து வந்த) எழுத்தில் ஒரு புள்ளி கூட்டினால் ‘வட்டம்’ என்ற எழுத்தாகிவிடும், எல்லாம் முழுமையாக முடிந்தது என்பது கணக்கு. அலுவலக விருந்துகளில் பெரும்பாலும் சுருக்கமானதுதான்: தலைவர் “இயோஓ...” என்று இழுப்பார், எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு தட்டு. ஒன்றுதான். எனக்கு யாரும் சொல்லவில்லை. நாற்பது பேர் கை ஒரே கணத்தில் விழுந்து அறை அடங்கிய பிறகு, தனியாக இரண்டாவது தட்டு ஒன்று கேட்டது.